தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் பரிசளிப்பு

தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் பரிசளிப்பு என்பது இயேசு கிறிஸ்துவின் பிறப்பு விழாவான டிசம்பர் 25ஆம் நாளை ஒட்டித் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களிலும், அவர்களோடு பழகும் பிற சமயத்தவரிடையேயும் நிலவும் கொடை வழக்கங்களைக் குறிக்கும். புத்தாடை வாங்குதல், பலகாரத் தட்டு அனுப்புதல், புதுமணத் தம்பதியருக்குச் சீர் செய்தல், பாடற்குழுவுடன் வரும் கிறிஸ்துமஸ் தாத்தா இனிப்பு வழங்குதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. மேலைநாடுகளில் இரவில் யாரும் காணாமல் வந்து பரிசு வைத்துச் செல்பவராகக் கருதப்படும் தாத்தா, தமிழ்நாட்டில் பெரும்பாலும் எல்லோரும் காணத் தெருவில் ஆடிப்பாடி வருபவராக உள்ளார். இக்கட்டுரை இம்மரபின் தோற்றத்தையும், அது தமிழ்நாட்டில் பெற்ற வடிவத்தையும், பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் அதற்குள்ள தொடர்பையும் விளக்குகிறது.

பெயர்கள்

தமிழ்நாட்டில் இவ்விழா கிறிஸ்துமஸ் என்றும், கிறிஸ்து பிறப்புப் பெருவிழா என்றும் அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழர் இதனை நத்தார் என்பர். பிறப்பு எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்த நத்தால் என்னும் போர்த்துக்கேயச் சொல்லே நத்தார் எனத் திரிந்தது. பரிசு வழங்கும் முதியவரைத் தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா என்றும், இலங்கையில் நத்தார் தாத்தா அல்லது நத்தார் பாப்பா என்றும் அழைப்பர். நத்தார் பாப்பா என்பதில் உள்ள பாப்பா குழந்தையைக் குறிப்பதன்று. தந்தை எனப் பொருள்படும் ஐரோப்பியச் சொல்லாகும்.

தோற்றம்

கிறித்தவர்களின் திருநூலான விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில், கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவுக்குப் பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் காணிக்கையாக அளித்தனர் எனக் கூறப்படுகிறது. ஞானிகள் எத்தனை பேர் என்பது அந்நூலில் இல்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் அவர்கள் மூவர் என்னும் மரபு பின்னர் தோன்றியது. கத்தோலிக்கர் சனவரி 6ஆம் நாளை ஒட்டிக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவை மக்கள் வழக்கில் மூன்று இராசாக்கள் திருநாள் என்பர். கிறிஸ்துமஸ் பரிசளிப்புக்கு இந்நிகழ்ச்சியே சமய அடிப்படையாகப் பொதுவாகக் காட்டப்படுகிறது. டிசம்பர் 25ஆம் நாளில் இவ்விழா உரோமையில் கொண்டாடப்பட்டமைக்கான பழைய சான்று கி.பி. 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பரிசு வழங்கும் முதியவர் என்னும் உருவத்தின் மூலம் வேறு. அது இன்றைய துருக்கி நாட்டின் தென்கடற்கரையில் அமைந்திருந்த மீரா நகரில் 4ஆம் நூற்றாண்டில் ஆயராக விளங்கிய புனித நிக்கலசைப் பற்றிய கதைகளிலிருந்து வளர்ந்தது. இவரது திருநாள் டிசம்பர் 6 ஆகும். 1087ஆம் ஆண்டில் இவரது எலும்புகள் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அதன் பின்னர் இவர் புகழ் மேற்கு ஐரோப்பா முழுவதும் பரவிற்று.

நிக்கலசைப் பற்றிய கதைகளுள் மிகவும் அறியப்பட்டது மூன்று பெண்களின் கதை. வறுமையுற்ற ஒருவருக்கு மூன்று மகள்கள் இருந்தனர். வரதட்சணை கொடுக்க வழியில்லாததால் அவர்களுக்குத் திருமணம் நடக்கவில்லை. அவர்கள் தவறான தொழிலுக்குத் தள்ளப்படும் நிலை ஏற்பட்டது. இதையறிந்த நிக்கலசு, இரவு நேரத்தில் யாரும் அறியாமல் அவ்வீட்டுச் சாளரத்தின் வழியாகப் பொன் முடிப்புகளைப் போட்டுச் சென்றார். மூன்று பெண்களுக்கும் திருமணம் நடந்தது. இக்கதையில் கொடுப்பவர் தம்மை மறைத்துக் கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. பெற்றுக் கொள்பவர் தலை குனியக் கூடாது, கொடுத்தவருக்குக் கடன்படவும் கூடாது என்பதே அது. பிற்காலத்தில் தாத்தா இரவில் மறைந்து வருவது ஒரு வேடிக்கையாக மாறிவிட்டாலும், அதன் அடியில் இருப்பது இக்கருத்தேயாகும்.

இன்றைய உருவம்

நெதர்லாந்தில் டிசம்பர் 5ஆம் நாள் மாலை சின்டர்கிளாசு என்னும் பெயரில் இவ்விழா கொண்டாடப்படுகிறது. டச்சுக்காரர் குடியேறிய நியூயார்க்கு நகரில் இப்பெயர் ஆங்கிலத்தில் சாண்டா கிளாஸ் எனத் திரிந்தது. 1823 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கு மாநிலத்தின் டிராய் நகர இதழொன்றில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த கவிதை ஒன்று, கலைமான்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் வந்து புகைபோக்கி வழியே இறங்கும் தாத்தாவைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 1863 முதல் தாமசு நாசுட்டு என்னும் ஓவியர் வார இதழொன்றில் வரைந்த படங்கள், பருத்த உடலும் வெண்தாடியும் கொண்ட உருவத்தை நிலைப்படுத்தின.

சிவப்பு உடையை ஒரு குளிர்பான நிறுவனமே உருவாக்கியது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. அந்நிறுவனத்திற்காக ஆடன் சண்டுபிளோம் என்பவர் வரைந்த விளம்பரப் படங்கள் 1931ஆம் ஆண்டிலேயே வெளிவரத் தொடங்கின. சிவப்பு உடை அணிந்த தாத்தா அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே வரையப்பட்டுவிட்டார். விளம்பரங்கள் அவ்வுருவத்தை உலகெங்கும் கொண்டு சென்றன என்பதே உண்மை.

தமிழ்நாட்டில் வருகை

தமிழகக் கடற்கரையில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கேயர் வழியாகக் கத்தோலிக்க சமயம் வேரூன்றியது. 1706ஆம் ஆண்டில் பர்த்தலோமேயு சீகன்பால்கும் என்றி புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியதைத் தொடர்ந்து சீர்திருத்தச் சபைகள் தோன்றின. கத்தோலிக்கர் வீடுகளில் மாட்டுத்தொழுவக் காட்சியை அமைக்கும் குடில் வழக்கம் முதன்மை பெற்றது. சீர்திருத்தச் சபையினரிடையே பாடலும் வேதவாசிப்பும் முதலிடம் பெற்றன. இன்று குடில், நட்சத்திர விளக்கு, மரம் ஆகிய மூன்றையும் இரு பிரிவினர் வீடுகளிலும் காணலாம்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கிறிஸ்துமஸ் பரிசு என்பது வேறொரு பொருளும் கொண்டிருந்தது. கீழ்நிலை அலுவலர்களும் நிலக்கிழார்களும் வணிகர்களும் பழம், பூ, இனிப்பு ஆகியவற்றைக் கூடையில் வைத்து ஆங்கிலேய அதிகாரிகளின் வீடுகளுக்கு அனுப்பினர். டாலி எனப்பட்ட இக்கூடை அன்பளிப்பாகத் தோன்றினாலும், சலுகையை எதிர்பார்த்துக் கொடுக்கப்படுவதாகவும் இருந்தது. நிக்கலசு கதையில் உள்ள கொடைக்கு இது நேர் எதிரானது. அங்கே வலியவர் எளியவருக்குப் பெயர் மறைத்துக் கொடுத்தார். இங்கே எளியவர் வலியவருக்குப் பெயர் தெரியக் கொடுத்தனர்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 6.12 விழுக்காட்டினர் கிறித்தவர் ஆவர். கன்னியாகுமரி மாவட்டத்தில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 47 விழுக்காடாகும்.

குடும்ப வழக்கங்கள்

புத்தாடை

தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் பரிசு என்றால் முதலில் புத்தாடையே ஆகும். வீட்டில் உள்ள அனைவருக்கும் ஆடை எடுக்கப்படும். நள்ளிரவு வழிபாட்டுக்கோ அதிகாலை ஆராதனைக்கோ அதை உடுத்திச் செல்வர். பெற்றோர் கடைக்குக் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்வதால், இப்பரிசில் மறைவு ஏதும் இல்லை. யார் வாங்கிக் கொடுத்தார், என்ன விலை என்பதெல்லாம் குழந்தைகளுக்குத் தெரியும். வீட்டு வேலை செய்பவர்களுக்கும், அவர்கள் எச்சமயத்தவராயினும், ஆடையோ பணமோ கொடுப்பது வழக்கம்.

பலகாரத் தட்டு

அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, கலகலா, கேக்கு முதலியவற்றைத் தட்டில் வைத்து அண்டை வீட்டாருக்கு அனுப்புவது பரவலான மரபு. கன்னியாகுமரிப் பகுதியில் முந்திரிக்கொத்து இடம்பெறும். தீபாவளிக்கு இந்து வீட்டிலிருந்து வந்த தட்டுக்கும், பெருநாளுக்கு இசுலாமியர் வீட்டிலிருந்து வந்த உணவுக்கும் இது மறுமொழியாக அமைகிறது. தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது தமிழர் வழக்கம். ஆதலால் பெற்றவர் சிறிது சர்க்கரையோ பழமோ வைத்துத் திருப்புவர்.

தலைக் கிறிஸ்துமஸ்

திருமணத்திற்குப் பின் வரும் முதல் தீபாவளியைத் தலைத் தீபாவளியாகக் கொண்டாடுவது போல, கிறித்தவர் முதல் கிறிஸ்துமசைத் தலைக் கிறிஸ்துமஸ் என்பர். பெண் வீட்டார் மகளையும் மருமகனையும் அழைத்து விருந்திட்டுப் புத்தாடை அளிப்பர். வசதியுள்ளோர் மோதிரம் முதலிய நகைகளும் அளிப்பதுண்டு. விவிலியத்திலோ ஐரோப்பிய மரபிலோ இவ்வழக்கம் இல்லை. தமிழ்க் குடும்ப அமைப்பு தன் சீர் முறையைக் கிறித்தவ விழாவுக்குள் கொண்டு சென்றதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

சீர் மகிழ்ச்சியாக அளிக்கப்படும் வரை பரிசாக உள்ளது. கேட்டுப் பெறும்போது அது கடமையாகவும் கடனாகவும் மாறுகிறது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணை கேட்பதையும் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. திருமணத்தின்போது கேளாமல் தரப்படும் அன்பளிப்புகளை அது அனுமதிக்கிறது. அவற்றுக்குப் பட்டியல் வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. வரதட்சணை கொடுக்க இயலாத தந்தையின் துயரைப் போக்கியவரின் பெயரால் வளர்ந்த விழாவில், பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கிச் சீர் செய்ய நேர்வது இம்மரபின் முரண்பாடாகும்.

கீத பவனி

டிசம்பர் மாத இரவுகளில் சபையின் பாடற்குழுவினர் வீடு வீடாகச் சென்று பாடுவது கீத பவனி எனப்படும். சிற்றூர்களில் மத்தளம், தப்பு முதலிய கருவிகளும் இடம்பெறும். தாத்தா வேடமிட்ட ஒருவர் குழுவுடன் ஆடி வந்து குழந்தைகளின் கையில் மிட்டாய் கொடுப்பார். வீட்டார் குழுவினருக்குத் தேநீரும் பலகாரமும் அளித்துக் காணிக்கையும் இடுவர். இக்காணிக்கை பெரும்பாலும் சபையின் அறப்பணிகளுக்குச் செல்லும்.

தமிழ்நாட்டுக் குழந்தைகளுள் பெரும்பாலோர் தாத்தாவை முதலில் சந்திப்பது இவ்வாறே. புகைபோக்கி இல்லாத வீடுகளும் பனி இல்லாத டிசம்பரும் கொண்ட நாட்டில் அவர் வாசல் வழியாகவே வருகிறார். முகமூடியின் பின்னே இருப்பவர் பக்கத்துத் தெரு அண்ணன் என்பதைச் சிறுவர்கள் எளிதில் கண்டுபிடித்து விடுவர். அதனால் மகிழ்ச்சி குறைவதில்லை. மேலும், எந்த வீட்டுக் குழந்தைக்கும் அவர் தருவது அதே மிட்டாய்தான்.

மறைமுகப் பரிசு

கல்லூரி விடுதிகளிலும் அலுவலகங்களிலும் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு என்னும் விளையாட்டு நடைபெறுகிறது. சீட்டுக் குலுக்கலில் ஒவ்வொருவருக்கும் மற்றொருவர் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தவர் தாயாகவும், பெயருக்குரியவர் பிள்ளையாகவும் கொள்ளப்படுவர். தாய் தன்னை வெளிப்படுத்தாமல் சிறு பரிசுகளையும் வேடிக்கையான கட்டளைகளையும் அனுப்புவார். விடுமுறைக்கு முந்தைய நாள் அவர் யார் என்பது வெளிப்படும். பிற சமயத்தவரும் இதில் கலந்து கொள்வர்.

ஞாயிறு பள்ளியும் புத்தாண்டும்

ஞாயிறு பள்ளிகளில் வேத வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் சிறுவர்களுக்குக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பரிசு வழங்கப்படும். சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் புத்தாண்டு ஆராதனையின்போது வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டைகள் அளிக்கப்படுகின்றன. பல வீடுகளில் இவ்வட்டை ஆண்டு முழுவதும் சுவரில் இருக்கும்.

காஞ்சிபுரம்

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராசப் பெருமாள் ஆகிய கோயில்களுக்குப் பெயர்பெற்ற நகராகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர மக்களுள் கிறித்தவர் 1 விழுக்காட்டிற்கும் குறைவு. எனினும் கிறிஸ்துமஸ் கொடை மரபை அறிய இந்நகர் இரு வகையில் உதவுகிறது.

முதலாவது, இந்நகரின் சீர்திருத்தச் சபை வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பணியாளர்கள் இங்குக் கல்விப் பணியில் ஈடுபட்டனர். ஆண்டர்சன் மேல்நிலைப்பள்ளி, அப்பணியைத் தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் பெயரைத் தாங்கியுள்ளது. இரயில் நிலையத்தை அடுத்துள்ள கிறிஸ்து ஆலயம் 1921ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துப் பாணியில் செங்கல்லால் கட்டப்பட்டது. ஆனால் ஸ்காட்லாந்தில் நெடுங்காலம் கிறிஸ்துமஸ் ஒரு பெருவிழாவாக இருந்ததில்லை. விவிலியம் கட்டளையிடாத விழா எனக் கருதி அந்நாட்டு நாடாளுமன்றம் 1640ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் விடுமுறையை நீக்கியது. அங்கு டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958ஆம் ஆண்டில்தான். அந்நாட்டவர் பரிசளித்து விருந்துண்டு மகிழ்ந்த நாள் புத்தாண்டே. எனவே தமிழ்நாட்டுக் கிறிஸ்துமஸ் வழக்கங்கள் அனைத்தையும் மேலைநாட்டுப் பணியாளர் அப்படியே கொண்டு வந்தனர் என்று கொள்ள இயலாது. புத்தாடை, பலகாரம், சீர், அண்டை வீட்டுத் தட்டு ஆகிய யாவும் தீபாவளியும் பொங்கலும் கொண்டாடும் மண்ணிலிருந்து எழுந்தவை.

இரண்டாவது, பட்டு. காஞ்சிப் பட்டுப்புடவை தமிழ்க் குடும்பங்களில் கொடுக்கப்படும் ஆடைப் பரிசுகளுள் உயர்ந்ததாகக் கருதப்படுகிறது. கிறித்தவத் திருமணங்களுக்கென வெண்மை, சந்தன நிறப் பட்டுகளும் நெய்யப்படுகின்றன. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், சரிகை குசராத்தின் சூரத்து நகரிலிருந்தும் வருகிறது. பட்டிழையின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசுவதே உண்மையான சரிகையாகும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தூய பட்டை அடையாளம் காட்டும் பட்டு முத்திரைத் திட்டம் 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பரிசாக வாங்குவோர் ஒரு நூலைப் பிரித்து எரித்தும் சோதிக்கலாம். தூய பட்டு, முடி கருகும் மணத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். செயற்கை இழை உருகிக் கட்டியாகும்.

நெசவும் மழைக்காலமும்

வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவையை நெய்ய 10 நாள் முதல் ஒரு மாதம் வரை ஆகலாம். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் ஆகிய மூன்று விழாக்களும் அக்டோபர் முதல் சனவரி வரையிலான மாதங்களில் வருவதால், துணிக்கடைகளில் விற்பனை மிகும் காலம் இதுவே. 1935ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பண்டிகைக் காலத் தள்ளுபடி அளிப்பதும் இப்பருவத்தில்தான்.

ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்வதும் இதே மாதங்களில். காஞ்சிபுரத்து மரபுத் தறி குழித்தறியாகும். நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை வைத்து மிதிகட்டையை இயக்குவார். மழை மிகுந்தால் குழியில் நீர் ஊறும். பாவை நீளவாட்டில் விரித்துச் சீர்செய்யும் வேலை தெருவில் திறந்தவெளியில் நடைபெறுவதால் அதுவும் நின்றுபோகும். ஈரத்தில் நூலின் இழுவிசையும் மாறும். கூலி புடவைக் கணக்கில் கிடைப்பதால், தறி நின்ற நாட்களுக்கு வருவாய் இல்லை. இவ்வாறு, பிறர் பரிசு வாங்கும் பருவமே பரிசை நெய்பவர் கை வறண்டிருக்கும் பருவமாகவும் அமைகிறது. அப்போது பலர் தறி உரிமையாளரிடமோ வணிகரிடமோ முன்பணம் பெறுகின்றனர். முன்பணம் தீரும் வரை வேறிடத்தில் வேலைக்குச் செல்ல இயலாது. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அவ்வாண்டு சென்னையிலும் சுற்றுப்பகுதிகளிலும் பல சபைகள் கொண்டாட்டத்தைச் சுருக்கி, அத்தொகையை வெள்ள நிவாரணத்துக்குச் செலவிட்டன.

கூட்டுறவுச் சங்கங்கள் இந்நிலையை மாற்ற முயன்றன. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் முதலிய பெயர்களில் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள், உறுப்பினருக்கு நூலும் சரிகையும் கொடுத்து, நெய்த புடவையைப் பெற்றுக் கூலி அளிக்கின்றன.

தறியில் குழந்தைகள்

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை முறையாகும். உடலும் இரு கரைகளும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்து இணைக்கப்படுகின்றன. ஒரு பக்கக் கரையின் நாடாவைச் செலுத்த நெசவாளருக்கு அருகே ஓர் உதவியாளர் தேவை. அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவர் சிறுமியர் அமர்த்தப்பட்டனர். பெற்றோர் பெற்ற முன்பணத்திற்கு ஈடாகக் குழந்தைகள் பிறர் தறிகளில் வேலை செய்தனர். 2003ஆம் ஆண்டில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தபோது காஞ்சிபுரத்தையும் எடுத்துக்கொண்டது.

அரசின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், சிறப்புப் பள்ளிகள், தன்னார்வ அமைப்புகளின் பணி, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆகியவை குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டு வர உதவின. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடை செய்தது. ஆயினும் பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அது விலக்களிக்கிறது. கைத்தறி வீட்டிலேயே நடக்கும் தொழிலாதலால் இவ்விலக்கு குறித்துக் குழந்தை உரிமை அமைப்புகள் கவலை தெரிவித்தன. ஒரு குழந்தைக்குக் கொடுக்கும் பட்டுப்பாவாடையை மற்றொரு குழந்தையின் கை நெய்திருக்கக் கூடாது என்பது, பரிசு வாங்குவோரும் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

தாத்தா உண்மையா

மேலைநாட்டுக் குடும்பங்களில் தாத்தா உண்மையானவர் எனக் குழந்தைகளை நம்பச் செய்வது வழக்கம். இது தகுமா என்னும் வினா பழமையானது. 1897ஆம் ஆண்டில் நியூயார்க்கின் தி சன் நாளிதழுக்கு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வினாவை எழுதி அனுப்பினாள். அன்பும் ஈகையும் இருக்கும் வரை தாத்தாவும் இருக்கிறார் என்னும் பொருளில் அவ்விதழ் அளித்த தலையங்கம் இன்றும் பேசப்படுகிறது. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த உளவியல் ஆய்வொன்று, குழந்தைகள் பெரும்பாலும் ஏழு வயதளவில் உண்மையைத் தாமாகவே கண்டறிகின்றனர் என்றும், அதனால் அவர்கள் பெரிதும் துயரடைவதில்லை என்றும், பெற்றோரே வருந்துகின்றனர் என்றும் கண்டது.

இம்மரபிற்கு மற்றொரு எதிர்ப்பும் உண்டு. நல்ல பிள்ளைகளுக்குத் தாத்தா பரிசளிப்பார் என்று கூறப்படும்போது, செல்வர் வீட்டுக் குழந்தைக்கு விலையுயர்ந்த பொருளும் ஏழை வீட்டுக் குழந்தைக்குச் சிறு பொருளும் கிடைப்பது ஏன் என்னும் ஐயம் எழும். தன் வறுமையைத் தன் குற்றமாக ஒரு குழந்தை எண்ணிக் கொள்ளக்கூடும். தமிழ்நாட்டு வழக்கில் இச்சிக்கல் குறைவு. விலையுள்ள பரிசான புத்தாடையைப் பெற்றோர் தம் பெயரிலேயே கொடுக்கின்றனர். தாத்தாவின் பெயரால் வருவது எல்லோருக்கும் ஒரேவகையான இனிப்பு. எனினும், நகரங்களில் இரவில் தலையணை அருகே பரிசு வைக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் பரவியுள்ளது.

சமய அடிப்படையிலும் எதிர்ப்புகள் உள்ளன. யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. பெந்தெகொஸ்தே சபையினருள்ளும் சிலர் இவ்விழாவைத் தவிர்க்கின்றனர். விழாவைக் கொண்டாடும் சபைகளிலும், தாத்தாவின் வேடிக்கை கிறிஸ்துவின் பிறப்பை மறைத்துவிடக் கூடாது எனப் போதகர்கள் அறிவுறுத்துவதுண்டு.

தமிழர் கொடை மரபுகளுடன் ஒப்பீடு

தமிழர் கொடைகளைக் கணக்குள்ளவை, கணக்கற்றவை என இரண்டாகப் பிரித்துக் காணலாம். மொய் கணக்குள்ளது. யார் எவ்வளவு கொடுத்தார் என நோட்டில் எழுதப்பட்டு, அவர் வீட்டு விழாவில் திருப்பிச் செலுத்தப்படும். பேராவூரணி, கீரமங்கலம் பகுதிகளில் நடைபெறும் மொய் விருந்து இதன் விரிவான வடிவமாகும். இது ஒரு வகையில் வட்டியில்லாக் கடனாகி, வங்கிக் கடன் எளிதில் கிடைக்காத குடும்பங்களுக்குக் கைகொடுத்தது. சீரும் எழுதப்படாத கணக்கையுடையது.

திருக்குறள் இத்தகைய கொடுக்கல் வாங்கலை ஈகையாகக் கொள்ளவில்லை. ஈகை என்னும் 23ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகை என்றும் மற்றவை எதிர்பார்ப்புடையவை என்றும் வள்ளுவர் வரையறுக்கிறார். நிக்கலசு இரவில் போட்ட பொன் முடிப்பு இவ்வரையறைக்குள் அடங்கும். பலகாரத் தட்டோ இரண்டிற்கும் இடைப்பட்டது. அது திரும்பி வரும் என்பது தெரியும். ஆனால் எவரும் அதை எழுதி வைப்பதில்லை. பல சமயத்தவர் வாழும் தெருவில் உறவு அறாமல் இருக்க இந்த இடைநிலைக் கொடை உதவுகிறது.

ஒரே குடும்பத்தின் கிறிஸ்துமசில் இம்மூன்றும் சேர்ந்தே காணப்படுகின்றன: மருமகனுக்குச் சீர், அண்டை வீட்டிற்குத் தட்டு, ஆதரவற்றோர் இல்லத்திற்குப் பெயரில்லாக் காணிக்கை. இவற்றுள் எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுதோறும் எடுக்கும் முடிவாகும்.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலையில் ஆழிப்பேரலை தமிழகத்தையும் இலங்கையையும் தாக்கியது. வேளாங்கண்ணியில் விழாவுக்காக வந்திருந்த பயணிகள் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னர் கடற்கரை ஊர்களில் டிசம்பர் 26 நினைவு வழிபாட்டு நாளாயிற்று. விழாவின் மகிழ்ச்சியும் மறுநாளின் துயரமும் அவ்வூர்களில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இவற்றையும் பார்க்க

நத்தார்
புனித நிக்கலசு
காஞ்சிபுரம் பட்டுப்புடவை
தலைத் தீபாவளி
மொய் விருந்து